கேள்வி-பதில்: ‘நெவர்மைண்ட்’ வாங்கும் முன்

கே: அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் இரண்டாவது ஆல்பம் ‘நெவர்மைண்ட்’, 1991 முதல் அச்சு சிடி என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். பட்டியலில் சொல்லாமல் கடைசியில் வரும் மறைபாட்டு இதில் இல்லை, அதுவே சாட்சி என்கிறார். நம்பலாமா?

ப: பாதி நம்பலாம். ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ என்ற அந்த மறைபாட்டு மாஸ்டரிங்கில் (அச்சுக்கு முன் ஒலியை இறுதி செய்யும் வேலை) விடுபட்டதால், முதலில் வந்த சுமார் 20,000 சிடிகளில் அது இல்லை. ஆனால் பிற்பாடு வந்த சில அச்சுகளிலும் இல்லை. பிளேயரில் போட்டு 12-வது டிராக்கின் நீளத்தைப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு மேல் காட்டினால் மறைபாட்டு அதில் இருக்கிறது, வாங்காமல் அங்கேயே விட்டுவிடலாம். நாலு நிமிடத்துக்குள் காட்டினால், அடிப்பக்கம் நடு ஓட்டையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இசைத்தட்டு அச்சுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தோடு ஒப்பிடுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கே: ஆல்பத்தின் தயாரிப்பாளர் புட்ச் விக் செய்த மிக்ஸுக்காக (குரலையும் வாத்தியங்களையும் சமன் செய்து சேர்த்த வடிவம்) 2011-இன் இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்பு வாங்கினேன். அதில் இல்லை. திருப்பி எடுப்பார்களா?

ப: மாட்டார்கள். அது நாலு சிடி, ஒரு டிவிடி கொண்ட பெரிய பெட்டியில்தான் உண்டு. உறையின் பின்பக்கத்தில் பாட்டு வரிசை அச்சிட்டிருக்கிறதே, காசு கொடுக்கும் முன் படித்தால் என்ன?

கே: ‘180 கிராம், ஸ்டூடியோ தரம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய நீல நிற எல்பி. ஒரே கொரகொரப்பு. ராக் என்றால் அப்படித்தான் என்கிறார் விற்றவர்.

ப: உங்கள் காது சரி, அவர் சொல்வது பொய். 1991 மே, ஜூனில் கலிஃபோர்னியாவின் வேன் நைஸில் ‘சவுண்ட் சிட்டி’ ஸ்டூடியோவில் நீவ் நிறுவனத்தின் ஒலிக்கலவை மேசை வழியாக டேப்பில் பதிவாகி, ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்த ஆல்பம் இது. ரொம்பப் பளபளப்பாகிவிட்டது என்று குழுவின் பாடகர் கர்ட் கோபேனே பின்னாளில் குறைப்பட்டார். அதில் கொரகொரப்பு எங்கிருந்து வரும்?

இந்த 180 கிராம் மோகத்தைக் கண்டாலே எனக்கு ஆத்திரம். எடை என்பது பிளாஸ்டிக்கின் எடை, அவ்வளவுதான். ஒலியைத் தீர்மானிப்பது எந்த மூலத்திலிருந்து தட்டின் வரிகளை வெட்டினார்கள், யார் வெட்டினார், அச்சு எவ்வளவு சுத்தம் என்பதே. அனுமதியில்லாமல் சிடியிலிருந்து எடுத்து, கலர் பிளாஸ்டிக்கில் அடித்துத் தள்ளுகிறவர்களுக்கு எடை கூட்டுவதா கஷ்டம்? அப்படி ஒரு கலர் தட்டுக்கு நானும் தண்டம் அழுதிருக்கிறேன்.

சோதிக்க வழி உண்டு. முதல் பக்கம் ‘பாலி’யிலும், இரண்டாம் பக்கம் ‘சம்திங் இன் த வே’யிலும் முடிகிறது. இரண்டும் அடங்கிய குரலில் பாடும் அமைதியான பாட்டுகள். மற்றவற்றில் டிரம்ஸ் மூடிவிடும் படபடப்பு இங்கே அப்பட்டமாகக் கேட்கும். முதலில் ஊசியையும் தட்டையும் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும். பலவற்றுக்கு அது 2 கிராம் வாக்கில். வேறொரு நல்ல எல்பி சுத்தமாக ஒலித்து இது மட்டும் இரைந்தால், குறை தட்டில்தான். அதைக் காணொளியாக எடுத்து, ரசீதோடு எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றுத் தட்டு தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே அச்சுதான் வரும்.

கே: சீல் பிரிக்காத 1991 எல்பி, முதலீடாக வாங்கலாமா?

ப: வேண்டாம். சூட்டில் சுருங்கி ஒட்டும் அந்த பிளாஸ்டிக் உறையை யார் வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்.

கே: பழைய சிடியா, மறுபடி மாஸ்டரிங் செய்த 2011 ரீமாஸ்டரா?

ப: பழையது. ரீமாஸ்டரில் ஒலியை உயர்த்தி இறுக்கியிருப்பதால், அடக்கமான வரிக்கும் வெடிக்கும் கோரஸுக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிட்டது. கீறல் இல்லாத பழைய சிடி பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.