மாமன்னர் பிரதமரைப் பதவி நீக்கம் செய்ய முடியுமா?

கேள்வி: மலேசியாவில் மாமன்னருக்கும் பிரதமருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், மாமன்னரே பிரதமரை நீக்கிவிடலாமா?

பதில்: முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 43(5) பிரிவின்படி, மாமன்னருக்கு விருப்பம் உள்ளவரைதான் அமைச்சர்கள் பதவியில் இருக்கலாம். ஆனால் அதே வாக்கியம் பிரதமரை விலக்கி வைத்திருக்கிறது. இதைப் படிக்காமலேயே வாதாடுகிறவர்கள் நிறையப் பேர்.

மாமன்னரின் பிடி இருப்பது வேறு இடத்தில். மக்களவையின் 222 இடங்களில் 112 பேரின் ஆதரவு இல்லாமல் போனால், பிரதமர் நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி கேட்கலாம். மாமன்னர் மறுத்துவிட்டால், 43(4) பிரிவின்படி பிரதமர் அமைச்சரவையோடு விலகியாக வேண்டும். மறுப்பது மாமன்னரின் சொந்த முடிவு. யாருடைய ஆலோசனையும் தேவையில்லை.

பெரும்பான்மை போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அவையில் வாக்கெடுப்பு மட்டுமே வழி என்பது, சரவாக் மாநில முதலமைச்சர் வழக்கில் வந்த 1966 தீர்ப்பு. 2009இல் பேராக் மாநிலத்தில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறினார்கள். சட்டமன்றத்தைக் கலைக்க மந்திரி பெசார் (மாநில அரசின் தலைவர்) நிஜார் கேட்டார். பேராக் சுல்தான் அஸ்லான் ஷா மறுத்தார். மறுநாளே எதிரணியின் ஜாம்ரி புதிய மந்திரி பெசாராகப் பதவியேற்றார். வேறு ஆதாரங்களை வைத்தும் பெரும்பான்மையைத் தீர்மானிக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010 பிப்ரவரி 9இல் சொல்லிவிட்டது. அரண்மனை வாசலில் எண்ணிக்கை பார்க்கும் அரசியலுக்கு அந்தத் தீர்ப்புதான் பக்கபலம்.

எண்ணும் முறையிலும் சிக்கல் உண்டு. சத்தியப் பிரமாணக் கடிதத்தில் இன்று ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டவர் நாளை இன்னொருவருக்கும் போடலாம். அதனால்தான் 2020 பிப்ரவரியில் மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்குத் தனித்தனியாகவே அழைத்துக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில், பிரதமராக யாரை ஆதரிக்கிறோம் என்று பெயரை எழுதித் தொலைநகல், மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது அரண்மனை. இஸ்மாயில் சப்ரியின் பெயரைக் குறித்த 114 பேரையும் அதன்பின் நேரில் அழைத்து உறுதி செய்துகொண்டது.

வெளிப்படையான மோதல் வந்தால்? 2021 ஜூலை 26இல் அவசரகாலச் சட்டங்கள் ரத்தாகிவிட்டதாகச் சட்ட அமைச்சர் தக்கியுடின் மக்களவையில் அறிவித்தார். மாமன்னரின் இசைவைப் பெறவில்லை என்று மூன்றே நாளில் அரண்மனை கண்டித்தது. பிரதமர் முஹிடின் அதற்காக விலகவில்லை. அவரது அரசை ஆதரித்துவந்த அம்னோ கட்சியின் உறுப்பினர்கள் சிலர் ஆதரவை விலக்கி எண்ணிக்கை சரிந்த பிறகு, ஆகஸ்ட் 16இல்தான் விலகினார்.

2022இல் அரசியலமைப்பில் வந்த 49A பிரிவின் கட்சித் தாவல் தடை இதையெல்லாம் அடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்சியை விட்டு விலகினால்தான் இடம் பறிபோகும். கட்சிக்குள் இருந்துகொண்டே எதிரணிப் பிரதமரை ஆதரித்தால் இந்தப் பிரிவு தானாகப் பாயாது.