நானோ செல்லுலோஸ் தண்ணீரில் ஏன் திரண்டுவிடுகிறது?

மரக்கூழிலிருந்து எடுத்த நானோ இழைகள் தண்ணீரில் திரளாமலிருக்க மேற்பரப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லுலோஸ் இழைகளின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH அமைப்புகள்) ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதே சிக்கலின் வேர். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழுவினர் வளர்த்தெடுத்த, டெம்போ (TEMPO) என்னும் வினையூக்கியைப் பயன்படுத்தும் ஆக்சிஜனேற்ற முறையில், பிஎச் 10 அளவிலான கார நீரில் சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொண்டு, மேற்பரப்பில் வெளிப்பட்டிருக்கும், செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலுமுள்ள ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சில்கள் மட்டும் எதிர்மின்சுமையுள்ள கார்பாக்சிலேட் தொகுதிகளாக மாற்றப்படுகின்றன. இப்படி எதிர்மின்சுமை பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால், பிறகு கலக்கியில் அடித்தாலே 3 முதல் 4 நானோமீட்டர் தடிமனுள்ள தனியிழைகளாகப் பிரிந்து, வெறும் 1 சதவீதச் செறிவிலேயே கண்ணாடிபோல் தெளிந்த, குப்பியைச் சாய்த்தால் தயங்கி நகரும் கூழாகிவிடுகின்றன. அதில் ஒரு சொட்டு கால்சியம் குளோரைடு விட்டால், இரட்டை மின்சுமையுள்ள கால்சியம் அயனிகள் இழைகளை இணைத்து அந்த இடத்தை ஜெல்லாக உறையவைக்கும். ஜெல் வேண்டுவோருக்கு இது வசதி. இழைகள் திரளாமல் நீரில் பரவி நிற்கும் தொங்கல் வேண்டுவோர் உப்புத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து, வாலைவடிநீரையே பயன்படுத்த வேண்டும்.