விரால் தவளை லூரை (தவளை வடிவச் செயற்கை இரையை) அடிக்கிறது, ஆனால் மாட்டுவதில்லையே, ஏன்?

அடிக்கிறது என்றால் உங்கள் லூரிலும் இடத்திலும் குறையில்லை. அடித்த சத்தம் கேட்டதுமே தூண்டில் ராடைச் சுண்டுகிறீர்கள், அதுதான் விஷயம். இப்படிச் சொன்னால் 'உடனே சுண்டினால்தான் மாட்டும்' என்று நாலு பேர் வருவார்கள். திறந்த தண்ணீரில் ஜம்ப் ஃபிராக் என்ற சின்னத் தவளை லூரைப் போட்டால் அவர்கள் சொல்வது சரி. நீங்கள் கேட்டிருப்பது முழங்காலளவு தண்ணீரில், தாமரையும் வேலம்பாசியும் மூடிய குளத்தைப் பற்றி.

உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளையில் இரண்டு தூண்டில் முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால்தான் பாசியில் சிக்காமல் வருகிறது. மீன் வாயை இறுக்கி, உடம்பு அமுங்கினால்தான் முள் வெளியே வரும். இலையோடு சேர்த்துக் கவ்விய விராலுக்கு ஓரிரு நொடியாவது கொடுக்க வேண்டும்.

மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கு மாமாவோடு போயிருந்தேன். காலமெல்லாம் உயிர்த்தவளை கோத்துப் போட்டவர். ரப்பரை விரால் தொடாது என்பது அவர் கட்சி. தவளையைத் தாமரை இலை மேல் ஏற்றி, இரண்டு இலைக்கு நடுவிலிருந்த இடுக்கில் மெல்ல இறக்கி, அப்படியே நிறுத்தினேன். பக்கத்துத் தண்டு ஆடியது. 'பளக்'கென்று ஒரு சத்தம், தவளையைக் காணோம். "இழுடா!" என்று மாமா கத்தினார். நான் ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்ந்து கிடந்த நரம்பை மட்டும் சுற்றினேன். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்து விறைத்த பிறகுதான் ஓங்கிச் சுண்டினேன். தலையைத் திருப்ப விடாமல் இழுத்ததில் ஒரு கூடைப் பாசியோடு கரைக்கு வந்தது. மாமா மீனின் வாயைப் பிளந்து பார்த்து, "ரெண்டு முள்ளும் மேல்தாடைல ஏறியிருக்குடா" என்றார். அவர் வாயால் அது வந்ததே எனக்குப் போதும்.

40, 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுங்கள். முள் நுனிகளைக் குறடால் இம்மியளவு வெளிப்பக்கம் விரியுங்கள். பல் பட்டு ஓட்டையான தவளைக்குள் தண்ணீர் ஏறும், வீசுமுன் பிதுக்கிவிடுங்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன். செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே தவளை விழுந்தால் பசியில்லாவிட்டாலும் அடிக்கும். அது தெரிந்தே வீசிப் பிடித்துப் படம் போடுகிறார்கள், கீழே 'சூப்பர் அண்ணா' என்று வரிசை கட்டுகிறார்கள். காவல் போனால் குஞ்சுகளைக் குரவையும் கெளுத்தியும் தின்று தீர்க்கும். எங்கள் ஏரியில் ஒருவரிடம் இதைச் சொன்னேன், "ஏரி என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்றார். அவர் இதைப் படித்தாலும் சரி, நான் சொன்னதில் மாற்றமில்லை.