ஹெடர் உட்காரவில்லையா? நட்டை இறுக்கும் முன் என்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. ஆசைப்பட்டு ஆன்லைனில் 4-2-1 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெடர் (என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் தொகுதி) ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘சிவிக், 1988–2000, சிங்கிள் கேம்’ என்று போட்டிருந்தது. மெக்கானிக் இரண்டு நாள் போராடி மாட்டினார். என்ஜின் ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகளில் (ஸ்டட்) ஓரத்து இரண்டும் துளைக்குள் ஏறவில்லை என்று கிரைண்டரால் துளையை நீட்டினார். கீழே குழாய் ஒரு அங்குலம் குறைவாக இருந்ததால் பின்பக்கக் குழாயை முன்னால் இழுத்து மாட்டியிருக்கிறார். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் எடுத்தால் முன்னால் கடகடவென்று ஏதோ இடிக்கிறது. மைலேஜ் 12-லிருந்து 9-க்கு வந்துவிட்டது. குழாயைச் சூடு பண்ணி வளைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா, ஹெடரைத் திருப்பி அனுப்பிவிடலாமா? — கோவை வாசகர்

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த ரிவர்ஸ் சத்தம்தான்.

உங்கள் சிட்டியில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் புறப்படும் பக்கம் முன்னால், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது சக்கரத்தைச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக என்ஜினின் மேல்பகுதி பின்னால், டேஷ்போர்டு பக்கம் சாயும். ரிவர்ஸில் இது அப்படியே மாறி, என்ஜின் ரேடியேட்டர் பக்கம் குனியும். முன்னால் போகும்போது இல்லாத சத்தம் ரிவர்ஸில் மட்டும் வருகிறது என்றால், ஹெடர் குழாய் ஃபேன் கூட்டில் போய் முட்டுகிறது என்று அர்த்தம். இந்தக் குனிவைப் பிடித்து நிறுத்த வேண்டியவை என்ஜின் மவுண்ட் ரப்பர்கள். உங்கள் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மவுண்ட்டை எப்போதாவது மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை.

ஹெடரின் இடத்தில் முன்பு இருந்த பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் கையை மார்போடு கட்டிக்கொண்ட மாதிரி ஒடுங்கி இருக்கும். மவுண்ட் நைந்து என்ஜின் இரண்டு விரல் அகலம் ஆடினாலும் அது எதிலும் படாது, அதனால் மவுண்ட் போனதே உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். ஹெடரின் வளைவுகள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பவை. வண்டியின் பழைய நோயை அது வெளியே காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் போட்டு, ரிவர்ஸ் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பி விழுந்தால் மவுண்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். ரப்பர் பிளந்திருந்தால் டயர் லீவரைக் கொடுத்து நெம்பும்போதே வாயைத் திறக்கும்.

புது மவுண்ட் போட்ட பிறகும் சந்தேகம் இருந்தால் சப்பாத்தி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், நான் வருடக்கணக்காகச் செய்வது இது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெடருக்கும் ஃபேன் கூட்டுக்கும் நடுவே, கூட்டின் ஓரத்தில் ஒரு உருண்டை மாவை ஒட்டுங்கள். ஃபேன் சுற்றாமல் இருக்க அதன் கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். சில நொடிகள் மட்டும் என்ஜினை ஓட விட்டு, அதே ரிவர்ஸ் சோதனையைச் செய்து நிறுத்துங்கள். குழாய் எவ்வளவு நெருங்கியது என்று மாவில் பதிந்திருக்கும். மிச்சமிருக்கும் மாவின் கனம்தான் உங்கள் இடைவெளி. ஃபேன் பக்கம் 20 மி.மீ., மற்ற இடங்களில் குறைந்தது 12 மி.மீ. இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். கனெக்டரை மறக்காமல் திருப்பி மாட்டுங்கள்.

அத்தனை இடைவெளி எதற்கு என்று கேட்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் நன்றாக நீளும். 60 செ.மீ. நீளக் குழாய் 500 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. நீண்டுவிடும். வார்ப்பிரும்பு அதே சூட்டில் 3 மி.மீ. சுமார்தான். ஷெட்டில் குளிர்ந்து இருக்கும்போது ‘ஒரு பேப்பர் நுழைகிறது, போதும்’ என்று விட்ட இடம் அவிநாசி ரோட்டில் அரை மணி நேரம் ஓடியதும் முட்டும்.

அடுத்தது அந்த ‘டிக் டிக்’. குளிரில் வந்து சூட்டில் மறைவது ஃபிளாஞ்ச் (ஹெடரை என்ஜின் ஹெட்டோடு சேர்க்கும் தட்டைப் பட்டை) கசிவின் கையெழுத்து. இரும்பு விரிந்ததும் சந்து அடைபட்டுவிடும். சத்தம் நின்றால் கசிவும் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் மைலேஜ் போன வழி பெரும்பாலும் அதுதான். எக்ஸாஸ்ட் வாயு துடித்துத் துடித்துத்தான் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் குறையும்போது, கசியும் இடத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்ல, என்ஜினின் கம்ப்யூட்டரான இசியு இன்னும் கொஞ்சம் ஊற்றும். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துக் கறுத்திருந்தால் கதை இதுதான்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். காலையில் முதல் ஸ்டார்ட் செய்ததும் புகையை ஃபிளாஞ்ச் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் புகை விசிறி அடிக்கும். பெட்ரோல் வாடை கொஞ்சம் இருந்தாலும் இந்த வேலை வேண்டாம், அப்போது ஃபிளாஞ்சில் கறுப்புக் கரிக்கோடு எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் கசிவு ஓரத்துப் போர்ட்டில் (ஹெட்டில் புகை வெளியேறும் வாயில்) இருக்கும் என்று நினைக்கிறேன். துளை பொருந்தாததும் அங்கேதானே. நான்கு குழாயையும் ஒரே பட்டையில் வெல்டிங் செய்யும்போது சூட்டில் பட்டை சுருங்கும், வில் மாதிரி வளையவும் செய்யும். அதனால் நடுத்துளைகள் சரியாக இருந்து ஓரத்துளைகள் மட்டும் தள்ளிப் போகும். ஹெடரைக் கழற்றி, ஃபிளாஞ்ச் முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். 0.2 மி.மீ. வரை நடுவே வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடான காஸ்கெட் சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக்க வேண்டும். ஃபிளாஞ்சை இரண்டு போர்ட்டுக்கு நடுவே அறுத்துத் துண்டாக்கிவிடும் பழக்கமும் உண்டு. ஒவ்வொரு துண்டும் தன் ஸ்டட்டில் தனியாக உட்காரும், சூட்டில் விரியவும் இடம் கிடைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

துளையை நீட்டியதில் பெரிய குற்றமில்லை. ஒன்றிரண்டு மி.மீ. நீட்டி, நல்ல வாஷர் போட்டால் தாங்கும். ஆனால் துளை நகர்ந்தால் போர்ட்டும் நகர்ந்திருக்கும். காஸ்கெட்டை ஹெடர் மேல் வைத்துப் பாருங்கள். ஹெடரின் வாய் ஹெட்டின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. சிறிதாக இருந்தோ, காஸ்கெட் விளிம்பு வழியில் துருத்திக்கொண்டோ இருந்தால் செலவழித்த பணத்துக்கு அர்த்தமில்லை. இரண்டு காஸ்கெட்டை அடுக்கிக் கசிவை நிறுத்துவார்கள். அது ஒரு மாதம் நிற்கும்.

வளைந்த ஃபிளாஞ்சை நட்டால் இழுத்து உட்கார வைப்பதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். நானே ஆரம்பத்தில் ஒரு வண்டியில் ‘இன்னும் கால் சுற்று’ என்று இறுக்கி, ஸ்டட் முறிந்து அலுமினிய ஹெட்டுக்குள் தங்கிவிட்டது. டிரில் போட்டு எடுக்க ஒரு முழு நாள் ஆனது, வண்டிக்காரரிடம் சொல்ல அதைவிட அதிக நேரம் ஆனது. இந்த 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் சுமார் முறுக்கு போதும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மூன்று தவணையில் ஏற்ற வேண்டும்.

இப்போது அந்த ஒரு அங்குலத்துக்கு வருவோம். இதற்கு மவுண்ட் காரணமில்லை. பெட்டியில் போட்டது பொய்யும் இல்லை. இந்தியாவில் 1998 முதல் 2003 வரை வந்த சிட்டி பழைய சிவிக்கின் வழியில் வந்தது. என்ஜினும் அதே டி வரிசை. ஆகவே ஹெட்டில் மாட்டும் பக்கம் பொருந்தும். அதற்குக் கீழே கிராஸ்மெம்பர் (என்ஜினுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்), சம்ப் (ஆயில் தொட்டி), தரையடிக் குழாயின் நீளம் எல்லாம் அந்தந்த வண்டியின் சொந்த விஷயம். தலை ஒன்று, உடம்பு வேறு. ‘பதின்மூன்று வருட மாடல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று ஒரு பெட்டி சொன்னால், கீழே வெட்டி ஒட்டும் வேலை ஒன்று காத்திருக்கிறது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

பின்குழாயை முன்னால் இழுத்து மாட்டியதுதான் மெக்கானிக் செய்த பெரிய தவறு. அடியில் குனிந்து குழாயைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர்களைப் பாருங்கள், முன்பக்கமாகச் சாய்ந்து இழுபட்டிருக்கும். அந்த இழுப்பு முழுவதும் மேலே ஃபிளாஞ்சில்தான் போய் விழுகிறது. ஏற்கெனவே வளைந்த ஃபிளாஞ்சை நாள் முழுக்க ஒருவர் பிடித்துக் கீழே இழுத்தபடி இருந்தால் கசியாமல் என்ன செய்யும்? ஒரு அங்குலக் குறைக்கு அதே அளவு நீளத்தில் குழாய்த் துண்டு சேர்த்து வெல்டிங் செய்வதுதான் வழி. ஹெடரில் ஆட்டத்துக்கு வளைந்துகொடுக்கும் நெளிகுழாய் இல்லை என்றால் அந்த இடத்திலேயே ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், அதற்கு இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். ஆர்கன் வெல்டிங் செய்பவரிடம் போங்கள். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டியிலேயே பொருத்தி இரண்டு மூன்று பொட்டு வைத்து, கழற்றி மேசையில் முழு வெல்டிங் செய்ய வேண்டும்.

சூடு பண்ணி வளைப்பது ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு ஆகாது. காஸ் வைத்துச் சிவக்க வைத்தால் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொண்டு, அந்த இடம் துருப்பிடிக்கவும் விரிசல் விடவும் தயாராகிவிடும். ஃபேன் பக்கம் இரண்டு மி.மீ. மட்டும் இடம் தேவை என்றால் உருண்டை முகச் சுத்தியலால் குழாயில் ஒரு சிறு பள்ளம் தட்டுவது அதைவிட மேல். அந்த அளவுப் பள்ளத்தால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. வெல்டிங் மேல் தட்டாதீர்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது வேண்டாம். அது போனால் குறை ஒரு அங்குலத்திலிருந்து ஒரு அடியாகுமே தவிர எதுவும் சரியாகாது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை, சத்த வரம்பை மீறி ஓட்டினால் 190(2)-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். செட்டிப்பாளையம் பந்தய டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது வேறு பேச்சு. நீங்கள் ஆபீஸுக்கும் இதில்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். ஹெடரில் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டும் இடம் பழைய இடத்திலிருந்து தள்ளியிருந்தால் வயர் எட்டியிருக்காது, முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, கிரிம்ப் செய்த எக்ஸ்டென்ஷன் வயர் போடுங்கள். ஈயம் வைக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் உள்ளிடைவெளி வழியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. சென்சார் நான்கு குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பிறகு, வயர் வரும் முனை மேலே பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒரே சிலிண்டரின் குழாயில் இருந்தால் அந்த ஒன்றின் கதையை மட்டுமே சொல்லும். பழைய மேனிஃபோல்டை என்ஜின் பிளாக்கோடு பிடித்திருந்த சப்போர்ட் பிராக்கெட்டும் திரும்ப மாட்டப்பட்டதா என்று கேளுங்கள். பல இடங்களில் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் மொத்த எடையும் ஃபிளாஞ்ச் வெல்டிங்கில் தொங்கும், விரிசல் அங்கேதான் விடும்.

திருப்பி அனுப்பலாமா என்றால், துளையைக் கிரைண்டர் போட்ட பிறகு எந்தக் கடைக்காரர் எடுப்பார்? அதுவும் போக, ஃபிளாஞ்ச் வளைவு 1 மி.மீ.க்குள் இருந்து, சேரும் குழாய் கிராஸ்மெம்பருக்குக் கீழே தொங்காமல் இருந்தால் அந்த ஹெடரை வைத்துக்கொள்ளலாம். நான்கு பேரை உட்கார வைத்துவிட்டு அடியில் அளந்து பாருங்கள், நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு அதுதான் சரியான அளவு. கிராஸ்மெம்பரைவிடத் தாழ்ந்து தொங்குகிறது என்றால் மட்டும் காசைக் கணக்குப் பார்க்காமல் பழைய மேனிஃபோல்டையே மாட்டிவிடுங்கள்.

வேலையை மவுண்ட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம் ஃபிளாஞ்ச் முகம், புது ஸ்டட், புது காஸ்கெட். ஹெட்டிலிருந்து சைலன்சர் வரை எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, குழாய் எந்த இழுப்பும் இல்லாமல் தானாகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். இறுக்குவது மேலிருந்து கீழாக. முதல் சூட்டில் கொஞ்சம் புகையும், குழாயில் ஒட்டிய எண்ணெய்தான் அது, முன்பே தின்னர் போட்டுத் துடைத்தால் கைரேகைக் கறையும் விழாது. இரண்டு நாள் ஓட்டிய பிறகு, குளிர்ந்த என்ஜினில் நட்டுகளை இன்னொரு முறை அதே முறுக்குக்குச் சரிபாருங்கள். மறுநாள் காலை அந்த ஊதுபத்தியை மறுபடி கொளுத்துங்கள். புகை நேராக எழும்பினால் பானட்டை மூடிவிட்டு ஆபீஸ் கிளம்பலாம்.