தாய்மாமன் அனுப்பிய லப்டொப்

கேள்வி: மகள் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் ஏ எடுத்தவள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுதான் என்று நின்றாள். இப்போது அவளே, "கலைப்பிரிவு போதும் அம்மா" என்கிறாள். இவரும் அதுதான் நல்லது, ரீச்சராகலாம் என்கிறார். தரம் 9 படிக்கும் மகனோ எந்த நேரமும் கொம்பியூட்டர்தான். மூன்று வருடத்துக்கு முன் மகளின் சாமத்தியவீட்டுக்கு என் அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய லப்டொப் அவன் அறையில்தான் இருக்கிறது. இரவு பாத்திரம் கழுவி முடித்து, ஒன்பது மணிக்குப் பிறகு அவள் பார்ப்பாள். பெண்பிள்ளைகளுக்கு இயல்பிலேயே இதில் நாட்டம் குறைவா?
ஒரு தாய், தருமபுரம்

பதில்: தங்கச்சி, இயல்பைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த லப்டொப் யாருடையது?

தாய்மாமன் சீராக வந்த பொருள் அது. உங்கள் அண்ணா அன்று ஒரு சோடி காப்பு அனுப்பியிருந்தால், அதைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, அவள் பாத்திரம் கழுவிய பிறகு ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்க்கக் கொடுத்திருப்பீர்களா? லப்டொப் என்றதும் அது எப்படி அறை மாறியது? ஒருவரும் முடிவெடுத்திருக்க மாட்டீர்கள். "தம்பி பார்த்துப் பூட்டித் தரட்டும்" என்று போயிருக்கும். திரும்பி வரவில்லை.

கணக்குப் போடுங்கள். சாப்பாடு, ரியூசன் எல்லாம் கழித்தாலும் அவனுக்கு நாளுக்கு மூன்று மணித்தியாலம் தேறும். அவளுக்குக் கண் சொருகும் நேரத்தில் ஒன்று. மூன்று வருடத்தில் அவனுக்கு 3,000 மணித்தியாலத்துக்கு மேல், அவளுக்கு 1,000. அவன் அதில் படித்தான் என்று நினைக்காதீர்கள். கேம் விளையாடியிருப்பான், விண்டோஸைக் குழப்பியிருப்பான், பயந்துபோய் யூடியூப்பைப் பார்த்துத் திரும்பப் போட்டிருப்பான். இந்த வேலையில் கை பழகுவது அப்படித்தான். அவள் குழப்பியிருந்தால் "தம்பியின்ர சாமான் எல்லாம் போச்சு" என்று நீங்களே ஏசியிருப்பீர்கள். அவளுடைய லப்டொப்புக்கு!

வெள்ளைக்காரர் வீட்டிலும் இதே கூத்துத்தான். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர்களை ஜேன் மார்கோலிஸ், அலன் பிஷர் என்ற இருவர் விசாரித்தார்கள். பல வீடுகளில் கணினி மகனின் அறையில் இருந்திருக்கிறது. பெடியங்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வந்தவர்கள் போலத் தெரிய, பெண்கள் தங்களுக்கு இது சரிவராது என்று ஒதுங்கியிருக்கிறார்கள். 1995இல் அங்கே சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். ஆட்களை எடுக்கும் முறையையும் பாடம் தொடங்கும் விதத்தையும் மாற்றினார்கள். 2000இல் 42 சதவீதம். ஐந்து வருடத்தில் யாருடைய இயல்பு மாறும்? உங்கள் மகள் "போதும் அம்மா" என்பதும் அதே ஒதுங்கல்தான்.

அதுவும் வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி! முகமாலை வெயிலில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி எடுத்த பெண்கள் எத்தனை பேர். மெற்றல் டிற்றெக்ரரின் சத்தத்தைப் பிரித்தறியாவிட்டால் கால் இல்லை. பெண்ணுக்கு இயந்திரத்தில் நாட்டமுண்டா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது. கதிரையில் இருந்து செய்யும் நல்ல சம்பள வேலை என்றால்தான் இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது.

ரீச்சர் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், முப்பது வருடம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவள். ஆனால் கலைப்பிரிவுக்கு அதை விரும்புகிற பிள்ளை போகட்டும். மற்றதுக்குப் பயந்து வந்த பிள்ளைகளுக்கும் நான் படிப்பித்திருக்கிறேன், அந்த முகங்கள் எனக்குத் தெரியும். தூரம் என்றும் உங்கள் கணவர் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம்.

மகள் பாத்திரம் கழுவுவதில் எனக்குக் குறையில்லை. வீட்டுக்கு உதவுவது பிள்ளையின் கடமை, அதில் நான் பழைய ஆள். உங்கள் வீட்டில் அந்தக் கடமை ஒரு பிள்ளைக்கு மட்டும் இருக்கிறது, அதைச் சகிக்க முடியவில்லை. அப்படிப் பிரித்தது இவர் அல்ல. குசினி உங்கள் கையில். இவர் சொல்கிறார், அவள் சொல்கிறாள் என்று எனக்கு எழுதி, நடுவில் நீங்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

எல்லாப் பாடசாலையிலும் தொழில்நுட்பப் பிரிவு இல்லை. கிட்ட எங்கே இருக்கிறதென்று இந்தக் கிழமையே மகளோடு போய் விசாரியுங்கள். லப்டொப்பை இன்றைக்கே அவள் மேசைக்கு எடுத்துப்போங்கள். மகனுக்குத் தேவையென்றால் அக்காவிடம் கேட்டு வாங்கட்டும். இரவுப் பாத்திரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அவனுக்கு. முதல் கிழமை இரண்டு பிளேட் உடையும். லப்டொப்பைக் குழப்பியபோது அவனை ஏசாமல் இருந்தீர்கள்தானே, அதே போல இருங்கள்.