ஆளைக் கொல்வது கிருமியா, நம் எதிர்ப்புச் சக்தியா?

கேள்வி: வீட்டில் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். பறவைக் காய்ச்சல் தொற்றினால் ஆளைக் கொல்வது கிருமி இல்லை, நம் எதிர்ப்புச் சக்திதான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியென்றால் கபசுரக் குடிநீர் குடிப்பதை நிறுத்திவிடவா? (வாசகி, வயது 46)

பதில்: வீடியோவில் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை விட்டுவிட்டார்கள், அதுதான் வம்பு.

சாதாரண ஃப்ளூ கிருமி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். பறவைக் காய்ச்சல் கிருமியான எச்5என்1 பற்றிக்கொள்ளத் தேடும் பிடி நமக்கு அங்கே குறைவு, நுரையீரலின் அடி ஆழத்தில்தான் அதிகம். மனிதருக்கு அது லேசில் தொற்றாததற்கு இது ஒரு காரணம். தொற்றிவிட்டால் மோசமாவதற்கும் இதுவே காரணம். கண்ணிலும் அந்தப் பிடி உண்டு. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடமிருந்து தொற்றிய பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குக் கண் சிவந்ததோடு போய்விட்டது.

நுரையீரலின் காற்றுப்பைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அவற்றின் சுவர், தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் உள்ள ஒருவகை செல்கள் சோப்பு நுரை போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. அது இல்லாவிட்டால், நனைந்த பாலித்தீன் பை போலப் பைகள் ஒட்டிக்கொண்டுவிடும். எச்5என்1 குறிவைப்பது இந்தச் செல்களைத்தான். அவை செத்து உதிர, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பைகளுக்குள் தேங்குகிறது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் வெள்ளையாகத் தெரியும். ஆக்ஸிஜன் வைத்தாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது.

செத்த செல்களும் அங்கே வந்து சேரும் வெள்ளணுக்களும் சைட்டோகைன் என்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன. 'ஆள் அனுப்பு' என்கிற அவசரத் தந்தி மாதிரி. தந்தி குவியக் குவிய, வந்தவர்கள் நல்ல செல்களையும் சேர்த்து அடிக்கிறார்கள். இதைத்தான் 'சைட்டோகைன் புயல்' என்கிறோம். வீடியோ சொன்ன பாதி இதுதான்.

விட்ட பாதி இது. 2004, 2005இல் வியட்நாமில் நோயாளிகளைச் சோதித்தபோது, இறந்தவர்களின் தொண்டையில் கிருமி மிக அதிகமாக இருந்தது. சைட்டோகைனும் அவர்களிடம்தான் உச்சத்தில் இருந்தது. சிலருக்கு ரத்தத்திலேயே கிருமி கிடைத்தது. ஃப்ளூ கிருமியின் மேலுறைப் புரதத்தை வெட்டித் திறந்தால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டும் கத்தரி நம் உடம்பில் உள்ள நொதிகள் (என்சைம்). சாதாரண ஃப்ளூவுக்கு வேண்டிய கத்தரி பெரும்பாலும் மூச்சுப்பாதையில்தான் இருக்கிறது. கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் எச்5என்1க்கோ உடம்பு முழுக்க உள்ள கத்தரியே போதும். ஆக, கிருமி பெருகுவதுதான் முதல். புயல் அதன் பின்னால் வருகிறது. ஸ்டீராய்டு போட்டுப் புயலை மட்டும் அடக்கப் பார்த்தது பலன் தரவில்லை. கிருமி பெருகுவதைத் தடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 2 நாளுக்குள் தொடங்குவது நல்லது. தாமதமானாலும் கொடுப்போம்.

சரி, கபசுரக் குடிநீர். அது இந்தப் புயலைக் கிளப்பும் என்று பயப்பட வேண்டாம், தடுக்கும் என்று நம்பியும் இருந்துவிடாதீர்கள்.

கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தூக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அப்புறம் பத்து நாளுக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கண் சிவப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வீட்டில் கோழி செத்ததா' என்று எல்லா டாக்டரும் கேட்க மாட்டார்கள். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.