சாத்தே வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தால்

வேர்க்கடலை விழுதும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த கோழிச் சாத்தே (குச்சியில் கோத்துத் தணலில் சுடும் கறி) மூன்றே நிமிடத்தில் மேலே கரி, உள்ளே பச்சை என்று ஆகிவிடுகிறது, ஏன் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஊறவைக்கும் கலவையிலிருந்து வேர்க்கடலை விழுதை எடுத்துவிடுங்கள், சர்க்கரையையும் குறையுங்கள். பெரும்பாலும் இவைதான் காரணம். தாய்லாந்துச் சாத்தேயில் வேர்க்கடலை சாஸ் தொட்டுக்கொள்ள மட்டும்தான். கறியில் தடவினால் உள்ளே வேகும் முன்பே அது தீய்ந்துவிடும்.

ஊறவைக்க, அரைக் கிலோ கோழிக்கறிக்கு அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், வறுத்துப் பொடித்த தனியாவும் சீரகமும், இடித்த எலுமிச்சைப்புல், கொஞ்சம் பேரரத்தை, உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை. இது போதும். பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சி போடலாம், ஆனால் அந்த வாசம் வராது.

அப்புறம், துண்டின் கனத்தைப் பாருங்கள். நம் கபாப் மாதிரிக் கட்டிகட்டியாக வெட்டினால் நடு வேகவே வேகாது. விரல் நீளப் பட்டையாக, அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவி, மூங்கில் குச்சியில் தையல் போடுவது போல் கோத்துவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு குச்சியை மட்டும் சுட்டுப் பாருங்கள். அப்போதும் கருகினால் கோளாறு மசாலாவில் இல்லை, தணலில். சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சுடும்போது மேலே தடவத் தேங்காய்ப்பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். பச்சைக் கறி ஊறிய பாலைக் கடைசி நேரத்தில் தடவக் கூடாது.